மூக்குத்தி இருக்க வேண்டிய இடம்

கையெழுத்துப் போட வேண்டிய இடம் தாளின் வலது மூலையில் காலியாக இருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்த ராஜக்கனி அந்த இடத்தைப் பார்க்கவில்லை, மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஷின் நின்றிருந்தது. காலை எட்டரையிலிருந்து காதுக்குள் கிடந்து உருண்ட சத்தம் நின்றதும் அச்சகம் திடீரென்று பெரிதாகிவிட்டது போல இருந்தது. வாசல் பக்கம் டீ குடிக்கிறவர்களின் பேச்சு இங்கே வரை வந்தது, யாரோ வடை இருக்கா என்றார்கள், யாரோ தீர்ந்துபோச்சு என்றார்கள். டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள கையெழுத்து ஆயிருக்கணும்க்கா, ரெண்டு மணிக்குக் கரண்டை நிறுத்துறாங்க என்று சின்ன முதலாளி சொல்லிவிட்டுப் போய் எவ்வளவு நேரம் ஆகிறது, ஐந்து நிமிஷம் இருக்குமா, ஆறு இருக்கட்டும். அவர் டீயை ஊதி ஊதிக் குடிப்பவர், இன்னும் பத்து நிமிஷம் கிடைக்கும். சிவகாசியில் எந்த அச்சகத்துக்குப் போனாலும் இதுதான் நடைமுறை. மிஷின்காரர் நிறமெல்லாம் சரிசெய்து நல்லதாக ஒரு தாளை எடுத்து வருவார், தாள் பார்க்கிறவர் வெள்ளை லைட்டுக்கு அடியில் விரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார், அதற்குப் பெயர் ஓகே ஷீட். அதற்கப்புறம் ஓடுகிற அத்தனை தாளும் அந்தத் தாள் போலவே இருக்க வேண்டும். கையெழுத்து விழாமல் மிஷின் ஓடாது. இருபத்து நாலு வருஷமாக ராஜக்கனியின் கையெழுத்து விழுந்துதான் இங்கே மிஷின் ஓடுகிறது. சம்பளம் கூடவில்லை என்று ஒரு தீபாவளிக்கு அவள் வராமல் இருந்த மூன்று நாள் பெரிய முதலாளியே வந்து இந்த மேஜையில் நின்றாராம், நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனாராம். இன்றைக்கு அதே பேனா, அதே மேஜை, மூக்குத்தி மட்டும் இடம் மாறி நிற்கிறது. நிற்கிறதா. நிற்கிறது.

தாளில் பல்பொடிப் பெட்டி. ஐம்பது வருஷமாக ஊதா நிறப் பெட்டியில் வந்துகொண்டிருக்கிற பல்பொடிதான், இந்த வருஷம் பொன்விழா என்று ஐம்பதாயிரம் பெட்டி மட்டும் புதுசாக அடிக்கிறார்கள், அதோடு சரி, அப்புறம் அச்சடிக்கிற பிளேட்டை உடைத்துவிடுவார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர். முன்பக்கம் ஒரே பெண்ணின் முகம் நாலு தரம். ஒன்றில் முகம் நீலம், ஒன்றில் ரோஸ், ஒன்றில் பச்சை, ஒன்றில் ஆரஞ்சு. பல்லெல்லாம் தெரிய அவள் சிரிக்கிறாள், முகம் முழுக்கக் கடுகளவு கடுகளவாகப் புள்ளிகள், உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு வெளியே வந்து நிற்கிறது, கண்மை கண்ணுக்குக் கீழே விழுந்து கிடக்கிறது, குழந்தைகள் வர்ணம் அடிக்கும்போது கோட்டைத் தாண்டிப் போவார்களே அதைப் போல. சென்னையிலிருந்து இதை வரைந்த பெண்ணே நேரில் வந்திருந்தது, ஹரிணி என்று பெயர், ஒரு காதில் மட்டும் கம்மல். இந்த மேஜையில்தான் மாதிரித் தாளை விரித்து, இது பாப் ஆர்ட் ஆன்ட்டி, கடையில விக்கிற சோப்பு டப்பா, ஜூஸ் பாட்டில், அதையே பெரிய படமா ஆக்குறது, பழைய மலிவு அச்சுல கலர் வெளிய போகும்ல, அதையே வேணும்னு செய்றது என்று சொன்னது. வேணும்னா என்று ராஜக்கனி கேட்டாள். வேணும்னுதான் என்று அது சிரித்தது. இருபத்து நாலு வருஷமாக நிறம் கோட்டை விட்டு வெளியே போன தாளையெல்லாம் குறுக்கே கிழித்துப் போட்டவள் அவள். லோடு லோடாகப் பழைய காகிதக் கடைக்குப் போயிருக்கிறது. அதையெல்லாம் எடுத்து வைத்திருந்தால் இன்றைக்கு நானும் ஒரு ஆர்ட்டிஸ்ட் என்று அப்போது சொன்னாள், மிஷின் ஓட்டுகிற செண்பகராஜ் கூடச் சிரித்தான். ஆனால் அந்தப் பெண் சும்மா சொல்லவில்லை, எது எவ்வளவு வெளியே போக வேண்டும் என்று அதற்குக் கணக்கு இருந்தது. சிவப்பு இடது பக்கம் இவ்வளவு, நீலம் மேலே இவ்வளவு. எல்லாமே ஓடிரும் ஆன்ட்டி, இது மட்டும் ஓடாது என்று விரலை வைத்துக் காட்டியது. மூக்குத்தி. நாலு முகத்திலும் மஞ்சள் மூக்குத்தி, கறுப்பு வட்டத்துக்குள் மஞ்சள் பொட்டு, துளிக்கூட வெளியே போகாமல். எல்லாம் ஆடும்போது ஒண்ணு நிக்கணும்ல என்றது. ராஜக்கனிக்கு அந்த நிமிஷம் அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. அந்த மாதிரித் தாள் இரண்டு நாளாக இதோ இந்தச் சுவரில்தான் தொங்கியது. கம்பெனி ஆள் இன்று காலையில் மேனேஜரிடம் காட்ட வேண்டும் என்று அதை மதுரைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார், சாயங்காலம்தான் வருவார். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

இப்போது தாளில் மூக்குத்தியின் மஞ்சள் கறுப்பு வட்டத்துக்கு மேலே ஏறி நிற்கிறது. ஒரு மில்லிமீட்டர் இருக்கும். கீழே பிறை போல ஒரு வெள்ளை. நாலிலும் அப்படித்தான். அவள் சொன்னபோது செண்பகராஜ் குனிந்து பார்த்துவிட்டு, எல்லாமே வெலகித்தானக்கா கெடக்கு, இதுல மூக்குத்தி வெலகுனதை எப்படிக் கண்டுபிடிச்சீக என்றான். சின்ன முதலாளி போனில் இருந்த மாதிரித் தாளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், பெரிதாக்க ஆக்க அது கட்டம் கட்டமாக உடைந்தது, சரியாத்தான் இருக்கு என்றார். பிளேட் போடுகிற அறையில் கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆனால் அதில் வேலை பார்க்கிற கோகுல் பிளேட்டைக் கொடுத்துவிட்டு மாமனார் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டான், அதன் பூட்டைத் திறக்கிற எழுத்து அவனுக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம் செண்பகராஜ் கடைசி வார்த்தையாக, கிராஸைப் பாருங்கக்கா என்றான். தாளில் கூட்டல் குறி போல ஒன்று இருக்கும், நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்றாக அதில் விழும், நாலும் ஒரே கோடாகத் தெரிந்தால் நிறம் இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம், பிரிந்து தெரிந்தால் எந்த நிறம் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். ராஜக்கனி லென்ஸை வைத்துப் பார்த்தாள். ஒரே கோடு. ஊசியால் கீறியது போல ஒரே கோடு. செண்பகராஜுக்கு இணையாகக் கிராஸ் வைக்க இந்த ஊரில் ஆள் கிடையாது, அதை அவன் முகத்துக்கு நேராகவே அவள் சொல்லியிருக்கிறாள். கிராஸ் சரியென்றால் எல்லாம் சரி. எல்லாம் சரியென்றால் மூக்குத்தியும் சரி. மூக்குத்தி சரியென்றால் அப்போது தப்பு எங்கே இருக்கிறது. அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அவள் தாளிலிருந்து கண்ணை எடுத்து எதிரே இருந்த மை டப்பாக்களைப் பார்த்தாள், திரும்பத் தாளைப் பார்த்தாள், திரும்ப மை டப்பா. இடது கண்ணை மூடினாள். மஞ்சள் மேலே ஏறி நிற்கிறது. வலது கண்ணை மூடினாள். மஞ்சள் கரைந்து கன்னத்தோடு கலந்தது, வட்டம் எங்கே பொட்டு எங்கே என்று தெரியாமல் எல்லாம் மோர் ஊற்றினது போல ஆயிற்று.

மூன்று மாதமாக இப்படித்தான். வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் சுவர்க் காலண்டரைப் பார்த்து ஒரு கண்ணை மூடுவதும் மறு கண்ணை மூடுவதுமாக இருந்தவளை வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, யாருக்குடி கண்ணடிக்கிற, அதுல முருகன்தான் இருக்கார் என்றார். சிரித்துச் சமாளித்தாள். மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் வந்தாள், மகள் அனுசுயாவுக்குக் கூடத் தெரியாது. டாக்டர் சின்னப் பெண், இடது கண்ணுல புரை ஆரம்பிச்சிருக்கும்மா, பயப்படாதீங்க, வலது கண்ணு கண்ணாடி மாதிரி இருக்கு, ஆறு மாசம் கழிச்சு ஆபரேஷன் பண்ணிக்கலாம், என்ன வேலை பாக்குறீங்க என்று கேட்டாள். வீட்டு வேலை என்று ராஜக்கனி சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று பஸ்ஸில் வரும்போது திருமங்கலம் வரைக்கும் யோசித்தாள். டாக்டர் என்ன சிவகாசிக்குப் போன் போட்டுச் சொல்லவா போகிறாள். ஆனாலும் இந்த மேஜையின் பெயரை அந்த அறையில் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு முன்னால் இந்த மேஜையில் இருந்தவர் மாடசாமி அண்ணன். ஒரு காலண்டரில் கிருஷ்ணருக்கு நீலம் ஓடிப்போனதைப் பார்க்காமல் விட்டுவிட்டார். ஒரே ஒரு வேலைதான். மறுநாள் அவரைப் பை ஒட்டுகிற பக்கம் உட்கார வைத்தார்கள், யாரும் திட்டவில்லை, வாங்கண்ணே இங்க காத்தோட்டமா இருக்கும் என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். திட்டியிருக்கலாம். பசைச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அவர் எதிரே போகிற ஒவ்வொரு தாளையும் நிமிர்ந்து பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். அதுதான் நடக்கும். இன்றைக்கு மூக்குத்தி தப்பு என்று சொல்லி, சாயங்காலம் மாதிரித் தாள் வந்து, அதிலும் மூக்குத்தி இப்படியே இருந்துவிட்டால், அக்காவுக்குக் கண்ணு போயிருச்சு என்று மெதுவாகச் சொல்வார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எல்லாரும் சரியென்று சொன்னபிறகு போட்ட கையெழுத்து, அதற்கு இவள் மட்டும் எப்படிப் பொறுப்பு. பேனாவைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ரா என்று எழுதக் கை தானாகவே வளைந்தது. கை கழுதைக்குப் பழக்கம். நிறுத்தினாள்.

ஏன் போட வேண்டும். யாருக்காக. இத்தனை வருஷத்தில் அவள் கையெழுத்தில் ஓடின பெட்டிகள் எத்தனை, ஊறுகாய்ப் பெட்டி, ஊதுபத்திப் பெட்டி, கொசுவர்த்திப் பெட்டி, பேதி மாத்திரைப் பெட்டி. எல்லாம் கடையில் கைக்கு வந்து, வீட்டுக்குப் போய், கிழிந்து, குப்பைக்குப் போகிற சாமான். அதிலேயே அவள் அரை மில்லியை விட்டதில்லை. யாரு பாக்கப் போறா என்று இந்தப் பையன்கள் கேட்கும்போது நான் பாத்துட்டேன்ல என்பாள். இந்தப் பெட்டியோ ஒருத்தரும் தூக்கிப் போடமாட்டார்களாம். பல்பொடியைக் கொட்டிவிட்டுப் பெட்டியை வைத்துக்கொள்வார்களாம், ஹரிணி சொன்னது, ஷோகேஸில் வைப்பார்கள், நம்பர் பார்த்து மாற்றிக்கொள்வார்கள், படம் எடுத்துப் போடுவார்கள். பல் தேய்க்கிற சாமானை வாங்கிப் பல் தேய்க்காமல் வைத்திருப்பது என்ன புத்தி என்று அவளுக்குப் புரியவில்லை, ஆனால் வைத்திருப்பார்கள் என்பது மட்டும் புரிந்தது. முதல் தரமாக ஒரு பெட்டி நிற்கப் போகிறது. நின்று பார்க்கப் போகிறார்கள். ஐம்பதாயிரம் வீட்டில் இரண்டு லட்சம் மூக்குத்தி மூக்கை விட்டு ஏறி நிற்கும், கேட்டால் அதுதான் டிசைன் என்பார்கள். தப்பையே அழகு என்று வைத்தபிறகு எந்தத் தப்பும் உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொள்ளலாம் போல. கல்யாண வீட்டில் பெண் வீட்டாருக்கு இவன் மாப்பிள்ளை வீட்டான், மாப்பிள்ளை வீட்டாருக்கு இவன் பெண் வீட்டான், அப்படிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவன் மாதிரி. அந்தப் பெண் வேண்டுமென்று வைத்தது வேறு, இது வேறு. அது விரலை வைத்துக் காட்டின இடம் எனக்குத் தெரியும். கண் மங்கட்டும், அந்த விரல் மங்கவில்லை. நகத்தில் பச்சைச் சாயம், பாதி உரிந்தது, அது மூக்குத்திக்கு நேர்கீழே இருந்தது, மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவில் வெள்ளை இல்லை, இல்லவே இல்லை. அப்படியானால் கிராஸ் ஏன் சரியாக இருக்கிறது. அங்கேதான் வந்து வந்து முட்டுகிறது. கிராஸ் பொய் சொல்லாது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள் கூடச் சொன்னதில்லை.

லென்ஸை மறுபடி கிராஸ் மேல் வைத்தாள். பெட்டியின் மூடி மடிகிற இடத்தில் பளிச்சென்று ஒரு கிராஸ், பக்கத்திலேயே இன்னொன்று. அழகாகத்தான் இருக்கிறது. அழகாக இருக்கிறது என்று நினைத்ததும் கை நின்றது. கிராஸை யார் அழகு என்பார்கள். தாள் ஓரத்தில், வெட்டிப் போடுகிற பகுதியில் கிடக்கிற குறி அது, பெட்டி மேல் அதற்கு என்ன வேலை. ஓரத்தைப் பார்த்தாள். தாளின் நாலு மூலையும் வெறும் வெள்ளை. பளிச்சென்ற வெள்ளை, ஒரு குறி இல்லை. காலையிலிருந்து எத்தனை தரம் இந்த மூலையைப் பார்த்திருப்பாள், கையெழுத்துப் போடுகிற மூலை என்றுதான் பார்த்தாள். செம க்யூட்டா இருக்கு ஆன்ட்டி, இது என்ன பிளஸ் என்று ஹரிணி ஒரு பழைய தாளைத் தூக்கிக் கேட்டது. கிராஸ் என்றால் என்னவென்று இவள்தான் சொன்னாள், பிரிந்தால் எப்படி, சேர்ந்தால் எப்படி என்று பேனாவால் வரைந்தும் காட்டினாள். அப்ப இதையும் படத்துல வச்சுக்கறேன், இதையும் கொஞ்சம் பிரிச்சு வைக்கறேன் என்றது. இவள் சிரித்தாள். வச்சுக்கோ கண்ணு என்று வேறு சொன்னாள். மாதிரித் தாள் அதற்கு முன்னாலேயே அடித்தது, அதில் இது கிடையாது. அப்புறம் அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கோகுல் உள்ளேயிருந்து, ரெண்டு செட் கிராஸ் எதுக்கு, ஒண்ணைத் தூக்கிடறேன் என்று யாரிடமோ கத்தினான். யாரோ சரி என்றார்கள். நான்தான் சரி என்றேனா. வாயில் சோறு இருந்தது, தலையை ஆட்டினேனா. ஓரத்தில் இருந்த நிஜக் கிராஸைத் தூக்கிவிட்டு அந்தப் பெண் அழகுக்கு வைத்த கிராஸை விட்டுவிட்டான். அதில் மஞ்சளை ஹரிணி வேண்டுமென்றே கீழே இறக்கி வைத்திருக்கிறது. செண்பகராஜ் வந்து பார்த்திருக்கிறான், மஞ்சள் கீழே இறங்கிக் கிடக்கிறது என்று பட்டனை அமுக்கி மேலே தூக்கிச் சரிசெய்திருக்கிறான். மஞ்சள் பிளேட் முழுக்க மேலே ஏறிவிட்டது, மூக்குத்தியும் ஏறிவிட்டது. எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இப்படித்தான் நடந்திருக்கும். இருக்கும். இல்லையென்றால், கண் மங்கின ஒரு பொம்பளை டீ நேரத்தில் மேஜையில் உட்கார்ந்து கட்டின கதை இது.

செருப்புச் சத்தம் கேட்டது. சின்ன முதலாளி முன்னால் வந்தார், செண்பகராஜ் உதட்டைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தான்.

“ஆச்சாக்கா?”

“ஆகல தம்பி.” செண்பகராஜைப் பார்த்துக் கேட்டாள். “நீ எந்தக் கிராஸைப் பாத்து வச்ச?”

“எந்தக் கிராஸை... இந்தா இருக்குல்ல, மூடியில. மஞ்ச நல்லாக் கீழ கெடந்துச்சு, தூக்கி வச்சேன்.”

“மூலையில இருக்கிறதைப் பாக்கலியா?”

“மூலையில எங்கக்கா இருக்கு” என்று குனிந்தவன் நிமிரவில்லை. தாளை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தடவிக்கொண்டே போனான். பின்கழுத்தைச் சொறிந்தான்.

அவள் நடந்ததைச் சொன்னாள். ஒன்றன்பின் ஒன்றாக, அவசரப்படாமல், அந்தப் பெண் கேட்டது, இவள் சொன்னது, கோகுல் கத்தினது, தான் தலையை ஆட்டியிருக்கக்கூடும் என்பது வரைக்கும். சின்ன முதலாளி கேட்டுக்கொண்டே ஹரிணிக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. கோகுலுக்குப் போட்டார், கொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது, ஒருத்தரும் பேசவில்லை.

“அக்கா, இதெல்லாம் நீங்க நெனைக்கிறது. அந்தப் பொண்ணு கிராஸைப் பிரிச்சு வச்சதை நீங்க கண்ணால பாத்தீங்களா?”

“பாக்கல. வைக்கிறேன்னு சொல்லுச்சு.”

“சொல்லுச்சு. சொன்னதை வச்சு மிஷினை நிறுத்தச் சொல்றீங்க. மறுபடி செட் பண்ணித் தப்பாப் போனா?” அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், அது அவளுக்குத் திட்டுவதை விட மோசமாக இருந்தது. “கோவிச்சுக்காதீங்க. கண்ணு நல்லாத் தெரியுதுல்ல உங்களுக்கு? கொஞ்ச நாளா நீங்க ஒரு கண்ணை மூடிப் பாக்குறதை எல்லாரும் பாக்கத்தான் செய்றோம்.”

எல்லாரும். மூன்று மாதமாக ஒளித்து வைத்ததை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். காது சூடாகி, பசைச் சட்டியின் புளித்த வாடை எங்கிருந்தோ மூக்குக்கு வந்து, வாங்கக்கா இங்க காத்தோட்டமா இருக்கும் என்று யாரோ கையைப் பிடிப்பது போல இருந்து, அப்புறம் அதெல்லாம் விட்டுப் போயிற்று. ஒளிக்க ஒன்றும் இல்லாமல் போனதும் உடம்பு லேசாகிவிட்டது. மூக்குத்தி அங்கேயேதான் இருந்தது. ஒரு மில்லி மேலே.

“இடது கண்ணுல புரை தம்பி. டாக்டர் சொல்லிட்டா. அந்தக் கண்ணால பாத்தா இந்தப் பெட்டியே எனக்குத் தெரியல. வலது கண்ணால பாத்துதான் சொல்றேன், மஞ்ச ஏறி நிக்குது.”

சின்ன முதலாளி வாயைத் திறந்தார்.

“இருங்க, முடிக்கல. சாயங்காலம் அந்த மாதிரித் தாள் வரும். நான் சொன்னது தப்புன்னா நாளைக்கு என்னை எங்க உக்கார வைக்கணுமோ வைங்க, நானே நடந்து போய்க்கிறேன், யாரும் கையைப் பிடிக்க வேண்டாம். சரின்னா, அதுக்கப்புறம் கண்ணைப் பத்தி ஒருத்தரும் இந்த மேஜைகிட்ட வந்து மெதுவாப் பேசக் கூடாது. பேசுறதுன்னா சத்தமாப் பேசுங்க. இப்ப இந்தத் தாளுக்குக் கையெழுத்து கெடையாது.”

“கரண்டு போயிரும்க்கா.”

“போகட்டும். இருட்டுல யாரும் தப்பா அடிக்க முடியாதுல்ல.”

அவர் சிரிக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தார். இந்த ஒரு பெட்டிக்காக இவளை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் பட வேண்டியிருக்கிறது என்று அவர் யோசிப்பது அவளுக்குத் தெரிந்தது, யோசிக்கட்டும் என்று இருந்தாள். பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடுகிற இடத்தில் ‘மஞ்சள் ஏறியிருக்கு, ஓட்ட வேண்டாம்’ என்று எழுதினாள். கீழே முழுப் பெயரையும் எழுதினாள், மணி பதினொன்று முப்பத்தைந்து என்றும் போட்டாள். ஓகே ஷீட்டில் யாரும் இப்படி எழுதியதில்லை. பிடிக்காத தாளைக் கிழித்துப் போடுவதுதான் வழக்கம். கிழித்தால் போய்விடும், இது இருக்கட்டும்.

மிஷின் பக்கம் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் திரும்பினார்கள். செண்பகராஜை யாரும் போகச் சொல்லவில்லை. அவன் போய்ப் பட்டனை மூன்று தரம் அமுக்கியிருந்தான், மஞ்சளை வைத்த இடத்திலிருந்து இறக்கியிருந்தான், தான் சரியாகச் செய்த வேலையைத் தானே கலைத்துக்கொண்டு நிற்கிறவனின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவன் முகம். மிஷின் இருமிக்கொண்டு கிளம்பியது, தாள்கள் ஓடின, நிறுத்தினான். மேலே இருந்ததை விட்டுவிட்டு நடுவிலிருந்து ஒரு தாளை உருவிக்கொண்டு வந்து, ஈரம் ஆறாமலே அவள் முன்னால் விரித்தான். சின்ன முதலாளியும் குனிந்தார். நாலு முகமும் நாலு பக்கமும் நிறத்தை இறைத்துக்கொண்டு சிரித்தன, மூடியில் கிராஸ் கோணலாகப் பிரிந்து நின்றது. செண்பகராஜ் பேனாவை எடுத்து அவள் பக்கமாக நீட்டினான்.

ராஜக்கனி வாங்கவில்லை. இடது கண்ணை நன்றாக, எல்லாரும் பார்க்க, உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். குனிந்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள்.

“இன்னும் ஒரு மயிரிழை கீழ எறக்கு” என்றாள்.